கொடி பூத்ததும் வருகிறேன்

ஜனவரி 9

இந்தா,

கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று இரண்டு நாளாக யோசித்தேன். 'அன்புள்ள' என்று எழுதிப் பார்த்தேன். வேறு யாருக்கோ எழுதுவது போல இருந்தது. கல்யாணம் ஆனதிலிருந்து உன்னை 'இந்தா' என்றுதான் கூப்பிட்டு வருகிறேன், தாளிலும் அதுவே இருக்கட்டும். இங்கே நான் நன்றாக இருக்கிறேன். அங்கே நீயும் உன் அக்காவும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது.

நீ பத்திரமாய்ப் போய்ச் சேர்ந்ததாகப் போன் வந்தது என்று கீழ்வீட்டு டீச்சர் மாடியேறி வந்து சொன்னார். பல் டாக்டரிடம் காட்டுவது போல என் முகத்துக்கு நேரே வாயை அகலமாகத் திறந்து சொன்னார். புரிந்துவிட்டது என்று தலையாட்டினேன். பாதிதான் புரிந்தது. என் காதுக்குப் போன் ஒரு விளையாட்டுச் சாமான் என்பது உனக்குத் தெரியும். அதனால்தான் இந்தக் கடிதம்.

ஆபரேஷன் ஆன முட்டியை உன் அக்கா மடக்க ஆரம்பித்துவிட்டார்களா? மூன்று மாதத்தில் நடந்துவிடுவார்கள் என்று டாக்டர் சொன்னதாக நீ சொன்னாய். அதற்குப் பிறகு வந்துவிடுவாய் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். ரயில் நகரும்போது, "எப்ப வருவே?" என்று கேட்டேன். "கொடி பூத்ததும் வரேன்" என்று நீ ஜன்னலில் இருந்து கத்தினாய். எனக்குக் கேட்டதோ இல்லையோ, நாலு பெட்டிக்குக் கேட்டது. சுமைதூக்கி ஒருவர் சிரித்தார். நான் உன் வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டேன்.

உன் செல்லம் சுகமாக இருக்கிறது. தொட்டியை இடம் மாற்றவில்லை, மண் காய்ந்த பிறகுதான் தண்ணீர் விடுகிறேன். இலையெல்லாம் மெழுகு பூசினாற்போல் பளபளவென்று இருக்கிறது. திரைச்சீலைக் கம்பியில் இன்னும் ஒரு சுற்று சுற்றியிருக்கிறது. மொட்டு இல்லை. இது மொட்டு விடும் காலமும் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
வீட்டில் இருப்பவன்


ஜனவரி 27

என்னங்க,

உங்கள் கடிதம் வந்தது. நாங்கள் இருவரும் நலம். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்று எழுதவில்லை. எழுதாததால் சாப்பிடவில்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

அக்கா முட்டியைப் பாதிதான் மடக்குகிறாள். காலையும் மாலையும் பயிற்சி செய்ய வேண்டும். நான் எண்ணிக்கொண்டே நிற்க வேண்டும், இல்லாவிட்டால் ஏமாற்றிவிடுகிறாள். இந்த வீடு தெருக்கோடியில் இருக்கிறது. மதியத்துக்கு மேல் எந்தச் சத்தமும் இல்லை. வந்த முதல் வாரம் அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் கேட்டாள், "ஏண்டி, நான் உனக்கு என்ன பண்ணினேன்? எதுக்கு எப்பப் பார்த்தாலும் சண்டைக்கு வர்ற மாதிரியே பேசுறே?" நான் 'தண்ணி சூடா வேணுமா' என்றுதான் கேட்டிருந்தேன்.

இலையின் மேல் தூசி படிந்தால் ஈரத்துணியால் துடைக்கவும். அலமாரியின் கீழ்த்தட்டில் உங்கள் கம்பளிப் பனியன் இருக்கிறது.

நான் எப்போது வருவேன் என்று நீங்கள் கணக்குப் போடுவது தெரிகிறது. சொன்னேனே. பூக்கட்டும்.

உங்கள்,
நான்


பிப்ரவரி 10

இந்தா,

நலம். நீயும் அக்காவும் அப்படியே என்று நம்புகிறேன்.

சாப்பிடுகிறேன். முட்டை வேகவைக்கக் கற்றுக்கொண்டேன். முதல் முறை தண்ணீர் வற்றி முட்டை வெடித்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து கதவைத் தட்டியிருக்கிறார். வெடித்ததும் கேட்கவில்லை, தட்டியதும் கேட்கவில்லை. புகை வந்த பிறகுதான் எழுந்து போனேன். இதை எழுதியிருக்கக் கூடாது, நீ பயப்படுவாய். எழுதிவிட்டேன், அடிக்க மனமில்லை.

துணியால் இலையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது இது நம் வீட்டுக்கு வந்த கதை நினைவுக்கு வந்தது. சைக்கிள் கடைக்கு மேலே ஒற்றை அறையில் குடியிருந்தோமே, பச்சைக் கம்பி போட்ட ஜன்னல். மாடிப்படியின் கீழே குடியிருந்த நர்ஸ் மாற்றலாகிப் போகும்போது, பால்பவுடர் டப்பாவில் இரண்டே இலையோடு கொடுத்துவிட்டுப் போனாள். "என்ன பூ பூக்கும்?" என்று கேட்டாய். "பூத்தா நீயே தெரிஞ்சுக்குவே" என்றாள். பேர்கூடச் சொல்லவில்லை. மெழுகுக்கொடி என்று நீயாகத்தான் வைத்தாய். நாலு வருஷம் பூக்கவே இல்லை. 'இதுக்குத் தண்ணி ஊத்துற நேரத்துக்கு ஒரு கீரையாவது வளர்த்திருக்கலாம்' என்று நான் சொன்னேன். நீ ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அந்த ஒரு வாரம் எவ்வளவு பெரிதாக இருந்தது தெரியுமா? அப்போது எனக்குக் காது கேட்கும். நீ பேசாதது கேட்டது.

உன் பிடிவாதம் ஊர் அறிந்தது. என் அண்ணன் வீட்டு வாசற்படியை மிதிக்க மாட்டேன் என்று ஒரு தடவை சொல்லிவிட்டாய். அதற்காக, அவர் மகள் கல்யாணத்தன்று பரிசுப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெளிக்கதவிலேயே நின்றாயே. மணப்பெண் கதவுக்கு வந்து வாங்கிக்கொண்டு போனாள். நீ பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்று கால்தான். அதனால்தான் கேட்கிறேன், பூத்ததும் வருவேன் என்று சொன்னது நிஜம்தானே? போன வருஷம் பள்ளிக்கூட விடுமுறையில் பூத்தது. இந்த வருஷமும் அப்படியே என்று வைத்துக்கொள்ளலாமா?

இப்படிக்கு,
முட்டை வெடித்தவன்


மார்ச் 4

என்னங்க,

நலம். அடுப்பு எரியும்வரை அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். இதை நான் உங்களுக்குச் சொல்லவேண்டி இருக்கிறதே.

மருந்துக்கடையில் நடந்ததை எழுதுகிறேன். வந்த புதிதில், அக்காவின் மாத்திரைக்காகப் போய்ப் பேர் சொன்னேன். கடையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு குழந்தை அழ ஆரம்பித்துவிட்டது. கடைக்காரர், "அம்மா, எனக்குக் காது நல்லாத்தான் கேக்கும்" என்றார். வெட்கமாகப் போய்விட்டது. அன்றிலிருந்து பழகிக்கொண்டு வருகிறேன். முதலில் வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டு அப்புறம் பேசுகிறேன். போன வாரம் அதே கடைக்காரர், "என்னம்மா சொன்னீங்க?" என்று என்னிடம் குனிந்து கேட்டார். நான் பேசுவதை ஒருவர் குனிந்து கேட்டு எத்தனை காலம் ஆயிற்று. வரும் வழியில் சிரித்துக்கொண்டே வந்தேன்.

நேற்று துணி மடிக்கும்போது என்னை அறியாமல் பாடிக்கொண்டிருந்தேன். அக்கா அடுத்த அறையிலிருந்து, "அந்தப் பாட்டு உனக்கு இன்னும் மறக்கலையா?" என்று கேட்டாள். என் குரல் இப்படித்தான் இருந்தது என்பதையே நான் மறந்திருந்தேன்.

நீங்கள் அந்த ஒற்றை அறையை நினைவுபடுத்தினீர்கள். எனக்கு அந்த அறையில் இருந்த பலகைத் தடுப்புதான் நினைவு. தடுப்புக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரர். தும்மினால் 'நூறாயுசு' என்பார். அதனால் நாம் எல்லாவற்றையும் காதோடு காதாகப் பேசினோம். வாடகை உயர்த்தியது, உங்கள் முதலாளி திட்டியது, எனக்கு உங்கள் அம்மா மேல் கோபம் வந்தது, எல்லாம். கோபத்தைக்கூடக் கிசுகிசுத்துத்தான் காட்ட வேண்டும். கிசுகிசுப்பில் சண்டை போட்டால் பாதியில் சிரிப்பு வந்துவிடும். பிறகு நீங்கள் அச்சகத்தில் ஓயாமல் இரைகிற ரோட்டரி அச்சு மிஷினுக்குப் பக்கத்தில் தாள் வெட்டும் வேலைக்கு மாறினீர்கள், சம்பளம் கூடியது. தடுப்பு இல்லாத வீட்டுக்கு வந்தோம். அங்கே வந்த பிறகு நாம் கிசுகிசுத்ததே இல்லை. நமக்குப் பிள்ளை குட்டியும் இல்லை, இருந்திருந்தால் பாதிக் கத்தலை அவர்கள் கத்தியிருப்பார்கள்.

அக்கா கைத்தடி பிடித்து நடக்கிறாள்.

நீங்கள் கேட்டதற்கு வேறு பதில் என்னிடம் இல்லை.

உங்கள்,
நான்


மார்ச் 22

இந்தா,

நலம். அக்கா நடக்கிறார்கள் என்று படித்து நிம்மதி.

கீழ்வீட்டு டீச்சருக்கு ரோஜாத் தொட்டி கொண்டுவந்த நர்சரிக்காரரை நான்தான் மேலே கூப்பிட்டேன். கொடிக்கு உரம் ஏதாவது போட்டால் சீக்கிரம் பூக்குமா என்று கேட்பதற்கு. உனக்குத் தெரியாமல் சீக்கிரம் பூக்கவைத்துவிடலாம் என்று ஒரு நப்பாசை.

அவர் இலையை விலக்கி விலக்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பக்கத்தில் இழுத்து விரலால் காட்டினார். அவருடைய உதடு தெளிவாக அசைகிறது, மீசை இல்லை. "இந்தக் கொடி பூத்த காம்புலயேதான் திரும்பத் திரும்பப் பூக்கும் சார். பூ உதிர்ந்ததும் மொட்டையா ஒரு குச்சி நிக்குமே, அதைத் தொடவே கூடாது. இதுல ஒண்ணு விடாம நறுக்கிட்டாங்களே. இனிமே புதுசாக் காம்பு விடணும். இந்த வருஷம் தலைகீழா நின்னாலும் பூக்காது" என்றார்.

எனக்கு அது புதிய பாடம் இல்லை. நீதான் எனக்கு முதலில் சொன்னாய். ஒரு தடவை, மொட்டைக் குச்சி அசிங்கமாய் இருக்கிறதே என்று நான் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போனேன். ஓரம் பிசிறாக இருந்தால் நறுக்குவதுதானே என் பிழைப்பு. நீ கையில் ஓர் அடி வைத்தாய். அன்றிலிருந்து அந்தப் பக்கம் நான் கை வைத்ததில்லை.

நர்சரிக்காரர் போன பிறகு கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு குச்சியாய்ப் பார்த்தேன். இத்தனை வருஷம் வெட்டுகிற வேலை பார்த்தவனுக்கு வெட்டைப் பார்த்தால் கை தெரியும். நான் எதை வெட்டினாலும் நேராக இருக்கும். இது எல்லாம் சாய்வு. நீ நூலை நறுக்கினாலும் சாய்வாகத்தான் நறுக்குவாய், காய்க்காம்பைக் கிள்ளினாலும் சாய்வுதான். வெட்டு காய்ந்து பழுப்பாகி இருக்கிறது, நீ ஊருக்குக் கிளம்பிய சமயத்து வெட்டு.

யார் வெட்டினார்கள் என்று நான் கேட்கவில்லை. நீ பதிலும் சொல்ல வேண்டாம். தண்ணீர் விட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
வீட்டில் இருப்பவன்


ஏப்ரல் 24

இந்தா,

நலமா? ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. தபால்காரர் என்னைப் பார்த்ததும் தூரத்திலிருந்தே இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டுப் போகிறார். அவர் பேரில் குற்றம் இல்லை.

போன கடிதத்தில் அந்தச் சமாச்சாரத்தை எழுதியிருக்க வேண்டாமோ என்று தோன்றுகிறது. நேரில் என்றால் உன் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்தியிருப்பேன். தாளுக்கு முகம் இல்லை, முழுக்க எழுதிவிட்டேன்.

வீட்டில் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது. உன் தையல் மிஷினுக்கு உறை போட்டு வைத்திருக்கிறேன். ஒரு வரி எழுது. 'சௌக்கியம்' என்று மட்டும் எழுதினாலும் போதும்.

இப்படிக்கு,
நான்


மே 12

என்னங்க,

சௌக்கியம். அக்காவும் சௌக்கியம்.

நான்தான் வெட்டினேன். கிளம்பிய அன்று காலை, நீங்கள் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி என் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தீர்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால்தான் நின்று வெட்டினேன். கத்தரிக்கோல் சத்தம் உங்களுக்குக் கேட்காது என்று தெரியும். 'பூத்ததும் வரேன்' என்று சொல்லும்போது அது பூக்காது என்றும் தெரியும். 'வரமாட்டேன்' என்ற சொல்லை நாலு பெட்டிக்குக் கேட்கும்படி என்னால் கத்த முடியவில்லை.

உங்கள் மேல் கோபம் என்று நினைக்காதீர்கள். காது போனது உங்கள் குற்றமா? எனக்கு அரிசியும் துணியும் வாங்கிப்போட்ட மிஷின்தானே அந்தக் காதைத் தின்றது. பல வருஷம் எனக்கு அது பாரமாகவே இல்லை. 'செவிடன் காதில் ஊதிய சங்கு' என்று ஒருவர் உங்களைக் கேலி செய்தபோது நான் அவர் வீட்டு வாசலில் போய்ச் சண்டை போட்டவள்.

ஆனால் போன வருஷம் எனக்கு மார்பில் கட்டி வந்ததே. நல்ல வேளையாக அது ஒன்றும் இல்லாமல் போயிற்று. அதை முதன்முதலில் உங்களிடம் சொன்ன நாள் நினைவிருக்கிறதா? நீங்கள் பேப்பர் படித்துக்கொண்டிருந்தீர்கள். மெதுவாகச் சொன்னேன். "என்ன?" என்றீர்கள். கொஞ்சம் உரக்கச் சொன்னேன். "என்ன, சரியாச் சொல்லு" என்றீர்கள். மூன்றாவது தடவை, என் உடம்பில் எந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று தொண்டை கிழியக் கத்தினேன். மறுநாள் படியிறங்கும்போது மூன்று மாடியிலும் நிறுத்தி விசாரித்தார்கள். தண்டோரா போட்டிருந்தால்கூட அத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. பழக்கடைக்காரர் கூடையைக் கொடுத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டார்.

எனக்கு அன்று வேண்டியிருந்ததெல்லாம் ஒன்றுதான். உங்கள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, 'எனக்குப் பயமா இருக்குங்க' என்று கிசுகிசுக்க வேண்டும். அதைக் கத்திச் சொல்ல முடியாது. கத்தினால் அது பயமாக இருக்காது, சண்டையாகத்தான் இருக்கும். சொல்லாமலே விட்டுவிட்டேன். அன்றிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லாமல் விட ஆரம்பித்தேன். கடைசியில், 'சோறு போடட்டுமா' மட்டும்தான் மிச்சம். அதற்கு ஒரு பெண்டாட்டி எதற்கு?

இங்கே சத்தம் இல்லாமல் இருக்கிறேன். திரும்பி வந்து மறுபடியும் கத்த எனக்குத் தொண்டை இல்லை. இதை எழுத ஒரு மாதம் ஆயிற்று.

உங்கள்,
நான்


மே 29

இந்தா,

நலம். உன் கடிதம் முழுவதும் கேட்டது.

'கேட்டது' என்று தெரிந்தேதான் எழுதினேன். அன்று மூன்றாவது தடவையும் எனக்குப் பாதிதான் கேட்டது. நீ கோபமாக இருக்கிறாய் என்று மட்டும் தெரிந்தது. 'சரி, டாக்டரைப் போய்ப் பாரு' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவைத்தேன். தலையாட்டி வைப்பது எனக்குப் பழகிப்போயிற்று. நாலாவது தடவை 'என்ன' என்று கேட்டால் உன் முகம் சுருங்கும். அதைப் பார்ப்பதைவிடத் தலையாட்டுவது எளிது. ஆஸ்பத்திரிச் சீட்டை மேஜையில் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நீ தூங்குகிறாய் என்று நினைத்து அடுப்படியில் போய் அழுதேன். எப்படி அழுதால் சத்தம் வரும், எப்படி அழுதால் வராது என்று எனக்குத் தெரியாது. உனக்குக் கேட்டிருந்தால், நீ அதைச் சொன்னதே இல்லை.

நீ பயந்தாய் என்பதை உன் கடிதம் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறேன். நீ எனக்குச் சொன்னதிலேயே மெதுவாகச் சொன்னது அதுதான். அதுதான் முழுசாகக் கேட்டது.

காது டாக்டரிடம் தனியாகப் போய் வந்தேன். கருவி வைத்துப் பார்த்தார். பஸ் சத்தமும் நாற்காலி இழுக்கும் சத்தமும் காதைப் பிளந்தன. அவர் பேசியது ஒன்றும் விளங்கவில்லை. நரம்பு போய்விட்டதாம், கருவி சத்தத்தைத்தான் பெரிதாக்குமாம், சொல்லைத் தெளிவாக்காதாம். ஆகையால் உனக்குப் பொய் நம்பிக்கை தரமாட்டேன். நான் இப்படியேதான் இருப்பேன்.

ஒன்று செய்தேன். பழைய அச்சகத்துக்குப் போய்க் கழிவுத்தாள் ஒரு கட்டு கேட்டு வாங்கினேன். மிஷினில் நானே வெட்டினேன், உள்ளங்கை அளவுக்கு. கை மறக்கவில்லை, ஓரம் பிசிறில்லை. சாப்பாட்டு மேஜையில் உன் பக்கம் ஒரு கட்டும் என் பக்கம் ஒரு கட்டும் வைத்து, பென்சில் சீவிப் போட்டிருக்கிறேன். நீ வரவேண்டும் என்று சொல்லவில்லை. வெட்டி வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். என் பக்கத்துத் தாள்களில்தான் இதை எழுதிப் பார்த்துவிட்டுப் பெரிய தாளில் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
தாள் வெட்டுபவன்


ஜூன் 17

என்னங்க,

நலம். அக்கா கைத்தடியை மூலையில் வைத்துவிட்டாள். தனியாகக் கடைக்குப் போய், பேரம் பேசி, சண்டையும் போட்டுவிட்டு வருகிறாள். எனக்கு இங்கே வேலை என்று ஒன்றும் இல்லை.

நீங்கள் அடுப்படியில் அழுதது எனக்குக் கேட்டது. ஊருக்கே கேட்டிருக்கும். எழுந்து வந்து கதவுக்குப் பின்னால் நின்றேன். உள்ளே வந்தால் என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று தெரியாமல் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டேன். வந்திருக்கலாம். தாள் கட்டு ஒன்று அடுப்படியிலும் இருந்திருந்தால் வந்திருப்பேனோ என்னமோ.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை. அக்கா கேட்டாள், "கிளம்பலையாடி?"

"கொடி பூத்ததும் வரேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

"பூக்காதுன்னு நீதானே சொன்னே?"

"ஆமா."

"அப்ப எப்படிப் போவே?"

"அதான் தெரியல."

"சொன்னது நீ. மாத்திக்கிட்டா யாரு கேக்கப் போறா?"

யார் கேட்கப் போகிறார்கள் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் சொன்னது சொன்னதுதானே. என் சுபாவம் உங்களுக்குத் தெரியும். உங்கள் அண்ணன் வீட்டுக் கதவில் வெயிலில் நின்றபோது உள்ளே போகத்தான் ஆசையாக இருந்தது. கால் போகவில்லை. இப்போதும் அதே கால்தான்.

புதுக் காம்பு ஏதாவது விட்டிருக்கிறதா? சும்மா கேட்கிறேன்.

உங்கள்,
நான்


ஜூலை 5

இந்தா,

நலம். ஒரு நல்ல செய்தி.

நேற்றுச் சாயங்காலம் கொடி பூத்தது.

வேலையிலிருந்து வந்து மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தேன். கீழே சைக்கிள் கடையில் பையன் புது மணியை அடித்து அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பாதிப் படியிலேயே வாசனை வந்துவிட்டது. யாரோ விருந்தாளி, சென்ட் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று நினைத்துச் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன். உள்ளே யாரும் இல்லை. நீ மட்டும் பச்சைக் கம்பி ஜன்னலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து யாருடைய ரவிக்கைக்கோ கொக்கி தைத்துக்கொண்டிருந்தாய். "யாரு வந்தது?" என்று கேட்டேன். நீ பலகைத் தடுப்பைக் கண்ணால் காட்டி, வாயில் விரலை வைத்தாய். எழுந்து வந்து என் கையைப் பிடித்து ஜன்னலுக்கு இழுத்துப் போனாய்.

ஒரு கொத்து தொங்கிக்கொண்டிருந்தது. அத்தனையும் ஒரே அளவு, பிசிறே இல்லாமல் வெட்டிய நட்சத்திரம் போல. வெளுத்த ரோஜா நிறம், நடுவில் இன்னொரு குட்டி நட்சத்திரம் சிவப்பாக. தொட்டுப் பார்த்தேன், நிஜப் பூ என்று நம்ப முடியவில்லை. விரலில் தேன் ஒட்டியது. நீ அதை உன் முந்தானையில் துடைத்துவிட்டாய்.

அப்புறம் எக்கி நின்று, என் காதில் உன் மூச்சுப் படும்படி, "பூத்துடுச்சுங்க" என்றாய்.

எனக்கு நன்றாகக் கேட்டது.

இப்படிக்கு,
உன்னவன்


ஜூலை 14

என்னங்க,

நலம். கொடி பூத்த செய்தி கிடைத்தது. நாலைந்து தடவை படித்தேன்.

அக்கா கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நிஜமாவே பூத்துச்சாடி?" என்றாள். "அவர் எழுதியிருக்காரே" என்றேன். "அவரு எழுதினா?" என்றாள். "அச்சாபீஸ்ல இருந்த மனுஷன் அக்கா, எழுத்துல பொய் வராது" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே எழுந்து போய், பரணிலிருந்து என் பெட்டியைத் தானே இறக்கிக் கொடுத்தாள். முட்டி நன்றாகவே ஆகிவிட்டது.

பூத்துவிட்டது என்ற பிறகு நான் இங்கே உட்கார்ந்திருந்தால் என் சொல்லுக்கு என்ன மரியாதை? வெள்ளிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன்.

ஸ்டேஷனில் கூட்டமாக இருக்கும். கடிகாரத்துக்குக் கீழே ஒரே இடத்தில் நில்லுங்கள், பெட்டி பெட்டியாக எட்டிப் பார்த்துக்கொண்டு அலையாதீர்கள். நான் உங்களைக் கூப்பிட மாட்டேன். பக்கத்தில் வந்து கையைத் தொடுகிறேன், திரும்பிப் பாருங்கள்.

உங்கள்,
இந்தா